ஒன்பது டிவியில் ஒரு முகம்

ஆடி மாசத்துக் காத்து, மூடிப்போன தங்கச் சுரங்கத்துக் கோரமண்டலில் வெறும் காத்தாக வருவதில்லை. தங்கத்தைப் பிரித்துவிட்டுக் கொட்டிய சைனைட் மேட்டு மண்ணையும் சேர்த்து அள்ளிக்கொண்டுதான் வரும். சோற்றுப் பானையைத் திறந்து வைக்க முடியாது, துணியைக் கொடியில் போட்டுவிட்டு அந்தாண்டை போக முடியாது. ரோஜா, சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய அந்த லைன் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து இந்த மண்ணோடு மல்லுக்கட்டுகிறாள். ஜன்னலை அடைத்துப் பார்த்தாள், கதவிடுக்கில் பழைய புடவையைச் சொருகிப் பார்த்தாள். என்ன செய்தாலும் சாயங்காலம் மேசையைத் தொட்டால் விரலில் வெள்ளையாக ஒட்டும். அதனால் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த மூன்று போட்டோக்களில் நடுவில் இருக்கும் மாமியார் படம் அடிக்கடி சாய்ந்து கிடப்பதைப் பார்த்தபோது, ஆடி இன்னும் வராவிட்டாலும் அந்தப் பழியையும் காத்தின் தலையிலேயே போட்டுவிட்டாள்.

புருஷன் மனோகர் விடிகாலை ரயிலுக்குக் கிளம்பிப் போனதும் படத்தை நேராக்குவாள். மறுநாள் பார்த்தால் திரும்பவும் சாய்ந்திருக்கும். பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, களி கிண்டிக்கொண்டிருந்தவள் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினாள். மனோகர் முக்காலியில் ஏறி நின்று, நேராக இருந்த படத்தை ஒரு ஓரமாகத் தூக்கிச் சாய்த்துக்கொண்டிருந்தான். இறங்கி நாலு எட்டுப் பின்னால் வந்து பார்த்தான். திரும்ப ஏறி இன்னும் கொஞ்சம் சாய்த்தான். பிறகு திருப்தியாகக் கையைத் தட்டிக்கொண்டு துண்டை எடுத்துக் குளிக்கப் போய்விட்டான். ரோஜா துடுப்பைப் பிடித்தபடி நின்றாள். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. களி அடிப்பிடித்தது.

ஏன் கேட்கவில்லை என்றால், நேர் கோணல் விஷயத்தில் மனோகரிடம் யாரும் வாய் கொடுப்பதில்லை. பெங்களூரில் வீடியோ வால் மாட்டுகிற கம்பெனியில் அவனுக்கு வேலை. மால், பெரிய ஆபீஸ், ரோட்டு கேமராவை உட்கார்ந்து பார்க்கிற ரூம் என்று எங்கெங்கோ போவான். டிவிகளை ஒட்டி ஒட்டி மாட்டி, எது எந்த இடம் என்று லேப்டாப்பில் பெட்டி பெட்டியாக இழுத்து அடுக்கி, எல்லாம் சேர்ந்து ஒரே படமாகத் தெரியும்படி செய்வது அவன் வேலை. கடைசியில் கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு படத்தை விடுவான். ஒரு டிவியிலிருந்து அடுத்த டிவிக்குக் கோடு உடையாமல் ஓட வேண்டும். உடைந்தால் ஸ்க்ரூவை இம்மி இம்மியாகத் திருப்ப வேண்டும். பார்க்கிறவன் டிவியை எண்ண ஆரம்பித்துவிட்டால் நம்ம வேலை தோற்றது என்று இந்த வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளிடம் சொல்லியிருக்கிறான்.

இத்தனையும் ஒரே கண்ணில். சின்ன வயசில் பம்பரத்து ஆணி பட்டு இடது கண் போய், வெளிச்சமும் நிழலும்தான் அதில் தெரியும். வலது கண்தான் அவனுக்குச் சோறு போட்டது. ரயில் சிநேகிதர்கள் அவனை ஒத்தைக்கண் கொத்தனார் என்று கேலி செய்வார்கள். அவனும் சிரிப்பான். லைனில் எவன் வீட்டுக்குக் கதவு வைத்தாலும் நிலை நேராக நிற்கிறதா என்று பார்க்க மனோகரைக் கூப்பிடுவார்கள். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. பந்தியில் இலை கோணலாகப் போட்டிருந்தால்கூட எழுந்து நேராகப் போட்டுவிட்டுத்தான் உட்காருவான்.

அப்படிப்பட்டவன் டம்ளருக்கு வெளியே டீயை ஊற்ற ஆரம்பித்தான். ஊற்றிவிட்டு டம்ளரைத் திட்டினான். சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு ரயிலுக்குப் போனான். பூதிகோட்டைச் சந்தையில் அவன் பார்த்து வாங்கிவந்த தக்காளியில் பாதி சொத்தை. ரோஜா எல்லாவற்றையும் பார்த்தாள், எல்லாவற்றையும் துடைத்து வைத்தாள். வயசாகுது, தூக்கம் பத்தலை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மகள் சுனிதா பெங்களூரில் நர்சிங் படிக்கிறாள். அவளிடம் சொன்னால் உடனே ஆஸ்பத்திரி என்பாள். ஆஸ்பத்திரி என்றால் ஏதாவது சொல்லிவிடுவார்கள் என்று பயந்து மகளிடமும் சொல்லவில்லை.

ஆடி பிறந்ததும் மனோகர் வேலைக்குப் போவதை நிறுத்தினான். கோயில் திருவிழாவுக்கு லீவு போட்டிருக்கிறேன் என்றான். ஆனால் அவன் பின்கட்டில் நின்று முதலாளி மஞ்சுநாத்தோடு போனில் பேசியதை ரோஜா கேட்டுவிட்டாள். ஒரு ஆபீசில் அவன் மாட்டிய வீடியோ வால் கோணலாக இருந்ததாம். வேறு ஆளை அனுப்பி முழுசாகப் பிரித்துத் திரும்ப மாட்ட வேண்டியதாயிற்றாம். "இன்னொந்து சல சான்ஸ் கொடி சார்" என்று, இன்னும் ஒரு தடவை வாய்ப்புக் கேட்டுக் கன்னடத்தில் மனோகர் கெஞ்சினான். யாரிடமும் கெஞ்சி அவள் பார்த்ததில்லை.

மஞ்சுநாத் மோசமான ஆள் இல்லை. கம்பெனியில் ஒரு பழைய செட் சும்மா கிடக்கிறது, ஒன்பது டிவி, அதை உங்க கோயிலுக்கு எடுத்துப்போய் நீயே தனியாக மாட்டு, நானும் அம்மனைப் பார்த்த மாதிரி இருக்கும், வந்து பார்க்கிறேன், சரியாக இருந்தால் திங்கட்கிழமை வேலைக்கு வா என்றார். மனோகர் இதை ரோஜாவிடம் வேறு விதமாகச் சொன்னான். முதலாளி நம்ம திருவிழாவுக்கு இனாமாகக் கொடுக்கிறார் என்றான். அவளும் அப்படியா என்று சந்தோஷப்பட்ட மாதிரி நடித்தாள். அவளுக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. இந்த வீடியோ வால் நேராக நின்றால் புருஷனுக்கு வேலை இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை.

லைன் மாரியம்மன் கோயில் சின்னக் கோயில். கருவறைக்கு முன்னால் பத்துப் பேர் நின்றால் பதினோராவது ஆளுக்கு இடமில்லை. வருஷா வருஷம் அபிஷேகத்தின்போது தள்ளுமுள்ளு, சண்டை. இந்த வருஷம் அம்மன் முகத்தை கேமராவில் பிடித்து வெளியே பந்தலில் பெரிசாகக் காட்டலாம் என்றதும் விழாக் கமிட்டித் தலைவர் சௌந்தரராஜனுக்குத் தலைகால் புரியவில்லை. மைன்ஸ் ஆபீசில் கணக்கு வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். எதையும் கூட நின்று பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. மனோகர் இரும்புச் சட்டத்தில் டிவிகளை மாட்ட மாட்ட, அவர் நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

ரோஜா அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது பந்தலின் ஒரு மூலையில் பெண்கள் அண்டாவில் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கேழ்வரகு வாசனையும் வேப்பிலை வாசனையும் கலந்து வந்தது. காத்து பந்தல் துணியைத் தூக்கித் தூக்கி அடித்தது. மனோகர் தூக்குச்சட்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, இரு, இதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடுகிறேன் என்று லேப்டாப்பைத் தட்டினான்.

ஒன்பது டிவியிலும் வெள்ளைக் கட்டங்கள் வந்தன. மேலிருந்து கீழே, இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிக்குக் கோடுகள் ஓடின. ஒரு இடத்தில்கூட உடையவில்லை. டிவியின் கறுப்பு விளிம்புகள் இருந்த இடமே தெரியவில்லை. ரோஜாவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. திங்கட்கிழமை டப்பாவுக்கு என்ன கட்டிக்கொடுப்பது என்றுகூட யோசித்துவிட்டாள்.

மனோகர் முகத்தைச் சுளித்தான். கிட்டே போய் நடு டிவியின் பின்னால் கைவிட்டு ஸ்க்ரூவைத் திருப்பினான். பின்னால் வந்து பார்த்தான். தலையைச் சாய்த்துப் பார்த்தான். லேப்டாப்பில் நடுப் பெட்டியைப் பிடித்துக் கொஞ்சம் மேலே நகர்த்தினான். நடு டிவியில் கோடுகள் எகிறி நின்றன. இன்னும் கொஞ்சம் நகர்த்தினான். பக்கத்து டிவியில் வந்துகொண்டிருந்த கோடு, நடு டிவிக்குள் நுழையும்போது ரெண்டு விரல்கடை மேலே ஏறிப் படிக்கட்டு மாதிரி ஆகிவிட்டது. அவன் முகத்தில் சுளிப்பு போய் நிம்மதி வந்தது. மாமியார் படத்தைச் சாய்த்துவிட்டு இறங்கியபோது இருந்த அதே நிம்மதி.

சௌந்தரராஜன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நடுவில் என்னவோ தூக்கினாப்போலத் தெரியுதே என்று இழுத்தார். பந்தல்காரர்கள் ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மனோகருக்கு முகம் சிவந்துவிட்டது. இது எங்க வேலை மாமா, கணக்கு பாக்குற வேலை இல்ல என்றான். சொல்லிவிட்டானே தவிர, திரும்பவும் ஒரு தரம் நடு டிவியைப் பார்த்தான். சட்டென்று ரோஜா பக்கம் திரும்பினான்.

"நீ சொல்லு ரோஜா. நேரா கீதா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். கூழ் அண்டாப் பக்கமிருந்து கரோலின்கூட எட்டிப் பார்த்தாள். அடுத்த வீட்டுக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள்தான், ஆனாலும் கூழ் காய்ச்ச வராமல் இருக்க மாட்டாள். நாலு பேருக்கு முன்னால் புருஷன் வேலையைக் குறை சொல்கிற பெண்ணை லைனில் என்ன பேசுவார்கள் என்று ரோஜாவுக்குத் தெரியும். அதுகூடப் பெரிசில்லை. அவன் கண்ணில் இருந்த கெஞ்சலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. போனில் கெஞ்சினானே, அதே கெஞ்சல். ஒருவேளை படம் வந்தால் சரியாகிவிடுமோ என்னவோ, இத்தனை வருஷம் செய்கிறவனுக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடப் போகிறது என்று அந்த ஒரு நொடியில் தன்னையே ஏமாற்றிக்கொண்டாள்.

"நேராத்தான் கீது" என்றாள்.

சௌந்தரராஜன் கண்ணாடியைக் கழற்றி இன்னொரு தடவை துடைத்துக்கொண்டார். மனோகர் தூக்குச்சட்டியைத் திறந்து, கூழையும் முருங்கைக்கீரையையும் ஒரு வாய் விடாமல் சாப்பிட்டான். அவன் அப்படிச் சாப்பிட்டுப் பல நாளாகியிருந்தது.

சாயங்காலம் காத்து கொஞ்சம் அடங்கியது. மாரிகுப்பத்திலிருந்தெல்லாம் ஜனம் வந்து பந்தல் நிரம்பிவிட்டது. மஞ்சுநாத் மனைவியோடு கார் எடுத்து வந்திருந்தார். சௌந்தரராஜன் அவருக்கு முன் வரிசையில் இடம் போட்டுக் கையில் எலுமிச்சம்பழம் கொடுத்தார். உள்ளே பூசாரி பால் ஊற்றி, மஞ்சள் ஊற்றி, அலங்காரம் முடித்து, கடைசியாக அம்மனுக்கு வெள்ளிக் கண்மலரைச் சாத்தினார். மேளம் உச்சத்துக்குப் போனது. கேமராக்காரன் அம்மன் முகத்தைக் கிட்டத்தில் பிடித்தான். மனோகர் படத்தை விட்டான்.

ஒன்பது டிவியிலும் ஒரே முகம். ஆனால் அது ஒரே முகமாக இல்லை. கண்ணும் மூக்கும் இருந்த நடுப்பகுதி மட்டும் மேலே பிதுங்கி, புருவம் ஒரு இடத்திலும் நெற்றி ஒரு இடத்திலுமாக, ஒரு வெள்ளிக் கண் பாதியில் வெட்டி ஏறி நின்றது. வெட்டிய முகத்தை அவசரமாக ஒட்டினதுபோல இருந்தது.

கும்பிடத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன. மேளக்காரன் திரும்பிப் பார்த்தான், மேளம் தடுமாறி நின்றது. முன்னால் உட்கார்ந்திருந்த பார்வதம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தா மொகம் கோணிக்கிச்சே, இன்னா குத்தம் பண்ணோம்னு தெரியலியே" என்று அழத் தொடங்கினாள். அவளைப் பார்த்து இன்னும் ரெண்டு பேர் அழுதார்கள். ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தே போய்விட்டாள்.

மனோகருக்கு ஜனம் ஏன் அழுகிறதென்று புரியவில்லை. பக்தியில் அழுகிறார்கள் என்றே நினைத்தான். லேப்டாப் பக்கத்தில் நின்றபடி கூட்டத்தில் ரோஜாவைத் தேடிப் பிடித்தான். அவள் பார்த்ததும், பாத்தியா என்று புருவத்தை உயர்த்திச் சிரித்தான். அவன் கண்ணுக்கு அம்மன் முகம் அவ்வளவு லட்சணமாக, அவ்வளவு நேராக இருந்தது. அந்தப் பந்தலில் அவன் ஒருத்தனுக்குத்தான் அப்படி இருந்தது. ரோஜா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதையும் அவன் பக்தி என்றுதான் நினைத்திருப்பான்.

சௌந்தரராஜன் நிறுத்து நிறுத்து என்று கையை ஆட்டிக்கொண்டு ஓடினார். அவருக்கு முந்தியே மஞ்சுநாத் எழுந்து லேப்டாப் பக்கம் போய்விட்டார். ஒன்றும் பேசாமல் மனோகரை லேசாக விலக்கி, லேப்டாப்பில் நடுப் பெட்டியைப் பிடித்துக் கீழே இழுத்து விட்டார். கண் இமைக்கிற நேரம்தான். அம்மன் முகம் கூடிவிட்டது. ரெண்டு வெள்ளிக் கண்ணும் ஒரே வரிசையில் நின்று எல்லோரையும் பார்த்தன. பந்தல் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. மேளம் பிடித்துக்கொண்டது. பார்வதம்மா தரையில் விழுந்து கும்பிட்டாள்.

ரோஜா கூட்டத்தை விலக்கிக்கொண்டு புருஷன் பக்கத்தில் போனாள். அவன் டிவிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஜனத்தைப் பார்த்தான். அத்தனை பேரும் கைகூப்பி நின்றார்கள். திரும்பவும் டிவிகளைப் பார்த்தான்.

"இப்பதான் கோணலா கீது ரோஜா" என்றான் மெதுவாக. "நடூல தொங்குது. இவங்கோ எல்லாம் இன்னாத்த பாத்துக் கும்புட்றாங்கோ?"

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் டிவிகளை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். அவனுக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

மஞ்சுநாத் போகும்போது திட்டவில்லை. திங்கட்கிழமை பற்றியும் பேசவில்லை. அவன் தோளில் கை வைத்து, "மொதலு கண்ணு தோர்ஸு மனோகர்" என்று மட்டும் சொன்னார். முதலில் டாக்டரிடம் கண்ணைக் காட்டு. திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. மறுநாள் பெங்களூரிலிருந்து வேறு பையன்கள் வந்து டிவிகளைக் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். மனோகர் பந்தல் பக்கமே போகவில்லை.

வீட்டில் அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். மூன்று போட்டோக்களும் அன்றைக்கு நேராக இருந்தன. ரோஜா களியும் கீரைக்குழம்பும் வைத்தாள். தட்டு ஆறிக் காய்ந்தது. அம்மா படத்தை நீதான் மாற்றி மாற்றி வைக்கிறாயா என்று கேட்டான். ஆமாம் என்றாள். எத்தனை நாளாக என்றான். அவள் ஆறிய தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"நேத்து மத்தியானம் நான் கேட்டேனே. உனுக்கு அப்பவே தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்க."

"தெரிஞ்சுமா நேரா கீதுன்ன?"

"நாலு பேர் நின்னுக்கினு இருந்தாங்க. நீங்க கேட்ட கேள்வியே அப்டி இருந்துது. கோணல்னு சொல்ல எனக்கு வாய் வரல."

அவனுக்குக் கோபம் வந்தால் கத்துவான், தட்டைத் தள்ளுவான். அன்றைக்கு எதுவும் செய்யவில்லை. "எனுக்குச் சந்தேகம் வந்துதான் உன்ன கேட்டேன்" என்றான். "என் கண்ணு மேல நம்பிக்க போய், உன் கண்ண நம்பிக் கேட்டேன்."

அவன் பாராட்டைக் கேட்கிறான் என்று நினைத்தாளே, அவன் கேட்டது உதவி என்று இப்போதுதான் விளங்கியது. ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் அவன் ஊர் முன்னால் இப்படி நின்றிருக்க மாட்டான். பொங்கல் சமயத்திலேயே சொல்லியிருந்தால், என்று நினைப்பு அங்கே போனதும் அவள் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள். காத்து மண்ணை வாரி முகத்தில் அடித்தது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

விஷயம் தெரிந்ததும் மகள் சுனிதாதான் விசாரித்து ஒரு கண் ஆஸ்பத்திரியில் நேரம் வாங்கினாள். இருட்டோடு எழுந்து மனோகர் எப்போதும் போகிற அதே ரயிலில் ரெண்டு பேரும் ஏறினார்கள். அவனுடைய சிநேகிதர்கள் ஜன்னலோரத்தைக் காலி செய்து கொடுத்தார்கள். ஒருத்தரும் கொத்தனார் என்று கூப்பிடவில்லை. திருவிழா விஷயம் எல்லோருக்கும் எட்டியிருந்தது. வாய் ஓயாமல் பேசுகிறவர்கள் பங்காருபேட்டை வரைக்கும் செல்போனையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்தார்கள், மெஷினில் தலையை வைக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். டாக்டர் சின்னப் பெண், தமிழ் பேசினாள். எவ்வளவு நாளாகத் தெரிகிறது என்று கேட்டாள். ஒரு மாசம் இருக்கும் என்றான் மனோகர். ரோஜா குறுக்கிட்டு, பொங்கலிலிருந்து என்றாள். டாக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டுக் கீழே எழுதிக்கொண்டாள். மனோகர் ரோஜா பக்கம் திரும்பவில்லை.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னாள். பார்வைக்கு நடுவான இடத்தில், கண்ணுக்குள்ளே பின்பக்கத்தில் நீர் கோத்து, தழும்பும் விழுந்துவிட்டது. அதனால்தான் நேரான கோடு வளைந்து தெரிகிறது. ஊசி போட்டு இருக்கிறதைக் காப்பாற்றப் பார்க்கலாம். போனது திரும்பாது. ஆரம்பத்தில் வந்திருந்தால் என்று தொடங்கியவள், ரோஜாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டாள். பிறகு மேசையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் கொடுத்தாள். இதைத் தினமும் காலையில் வீட்டில் பாருங்கள், கோடு இன்னும் அதிகமாக வளைந்தால் உடனே வரவேண்டும் என்றாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மனோகர் அட்டையைத் திருப்பினான். வெள்ளை அட்டையில் கறுப்புக் கோடுகள், சின்னச் சின்னக் கட்டங்கள், நடுவில் ஒரு புள்ளி. அவன் சிரித்துவிட்டான்.

"இது நம்ம கட்டம்டி" என்றான். "நான் ஊரு பூரா போட்டுப் பாக்குற கட்டத்த எனக்கே குடுத்து அனுப்பிட்டாங்கோ."

சிரிப்பு சீக்கிரம் அடங்கிவிட்டது. அட்டையைக் கிட்டே பிடித்தான், எட்டப் பிடித்தான், லேசாகச் சாய்த்தான். சாய்த்த கையை உடனே நிறுத்தினான். திருப்புவதற்கு இதில் ஸ்க்ரூ இல்லை. அட்டையை ரோஜாவின் மடியில் வைத்தான்.

"அச்சடிச்சவன் தப்பா கூட அடிச்சிருப்பான். நீ பாத்து சொல்லு. இந்தத் தடவ எனக்காகச் சொல்லாத, உள்ளத சொல்லு. நேரா கீதா?"

ரோஜா அட்டையை எடுத்தாள். புள்ளியைப் பார்த்தாள். ஒவ்வொரு கோடாகப் பார்த்தாள், மேலிருந்து கீழே, இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிக்கு. எங்கேயாவது ஒரு கோடு, ஒரே ஒரு கோடு வளைந்திருக்கக் கூடாதா என்று தேடினாள். மாரியாத்தாவை வேண்டிக்கொண்டுகூடப் பார்த்தாள். அவள் கண் தண்ணீரில் கலங்கியபோது கோடுகள் கொஞ்சம் அசைந்தன. துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

"நேராத்தான் கீதுங்க" என்றாள்.

மனோகர் தலையை ஆட்டினான். அட்டையை அவள் கையிலிருந்து வாங்கி, கசங்காமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.